ஏழு கடற்காகங்கள்

மார்கிட்டுக்குத் துப்பாக்கி சுட வராது என்பது ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்கு ஹெல்கே சொல்லிவிடுவான். இருபத்தெட்டு வருஷமாக அவள் கையால் மூன்று வேளையும் தின்றுவிட்டு, ஒரு நாள்கூட நன்றாயிருக்கிறது என்று சொல்லாத வாய் அது. அவன் அவள் புருஷன் டாகேயின் அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கமிருக்கும் பழைய வீட்டில் தனியாகப் படுத்துக்கொள்வான். சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் மணியடித்தாற்போல் இந்த வீட்டு மேசைக்கு வந்துவிடுவான். உருளைக்கிழங்கு வேகவில்லை என்பான். மறுநாள் குழைய வேகவைத்தால், பல் போனவனுக்கா சமைத்தாய் என்பான். அவளும் சளைத்தவள் அல்ல. அவன் காப்பிக் கோப்பையை மட்டும் கழுவாமல் வைத்துவிடுவாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஆறு நரிக் கொட்டகைகள் இருந்தன. பின்லாந்தின் அந்த மேற்குக் கரையில் மயிர்த்தோலுக்காக வீட்டுக்கு வீடு நரிதான் வளர்க்கிறார்கள். நீள நீளமான தகரக் கூரை, இரண்டு பக்கமும் திறந்த கொட்டகை, தரையிலிருந்து இடுப்புயரத்தில் கம்பிக்கூண்டுகள், கூண்டுக்கு இரண்டு மூன்றாக நீல நரிகள். காலை ஆறு மணிக்குப் பொதுத் தீனிக்கூடத்து லாரி வரும். மீன் கழிவும் கசாப்புக் கழிவும் தவிடும் போட்டு அரைத்த சாம்பல் நிறக் கூழை வண்டியில் நிரப்பிக்கொண்டு, டாகே கொட்டகை நடுவே மெல்ல ஓட்டிப் போவான். கூண்டுக்கு ஒரு கரண்டி வீதம் குழாய் வழியே கம்பி மேல் விழும். நரி அதைக் கீழேயிருந்து நக்கித் தின்னும். கடற்காகம் மேலேயிருந்து கொத்தித் தின்னும். கடல் இரண்டு கிலோமீட்டர் என்பதால் கடற்காகங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஜூன் மாதம் வந்தால் கூரை தெரியாது, வெள்ளை வெளேரென்று அவைதான் தெரியும். தின்ற இடத்திலேயே கழிந்துவிட்டுப் போகும்.

அதற்கு அந்தக் குடும்பத்தில் ஒரு வழி வைத்திருந்தார்கள். அரசாங்க அனுமதிச் சீட்டு வாங்கி ஆறேழு கடற்காகங்களைச் சுட்டு, ஒவ்வொரு கொட்டகையின் முனையிலும் கம்பு நட்டுக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுவிடுவார்கள். மற்றவை அதைப் பார்த்து ஒரு பத்து நாளாவது கிட்டே வராது. சுடுவது ஹெல்கேயின் வேலை. அந்த வருஷம் அவனுக்குத் தோள்பட்டையில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. டாகேக்குச் சத்தம் ஆகாது, எல்க் மான் வேட்டைக்கே பாத்திரம் தூக்கத்தான் போவான்.

"நான் சுடறேன்" என்றாள் மார்கிட்.

ஹெல்கே ரொட்டியை மென்றுகொண்டே அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நீயா? நீ சுட்டா கடலுக்குத்தான் காயம் படும்."

"பார்க்கத்தானே போற."

"தம்பி, அன்னிக்கு நீ வீட்டுக்குள்ள இரு. எதுக்கும் மேசைக்கு அடியில இரு."

டாகே சிரிக்கவில்லை. சிரிக்காமலிருப்பதில் அவனுக்கு நல்ல பழக்கம்.

இரண்டு நாள் காலையில் படகுத்துறைப் பக்கம் போய்ப் பன்னிரண்டு தோட்டாவைச் செலவழித்தாள். ஓர் இறகுகூட விழவில்லை. தோள் கன்றிப் போனது. மூன்றாம் நாள் வெறுங்கையோடு திரும்பப் போகிறோமே என்று நாணல் ஓரமாக நடந்து வந்தபோதுதான் பார்த்தாள். மணலில் ஒன்று, நாணலுக்குள் இரண்டு, பாறை இடுக்கில் நாலு. எல்லாம் செத்துக் கிடந்தன. உடம்பில் அடியில்லை, காயமில்லை, சிறகு மடித்துத் தூங்குவது போல். அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள். நாலா பக்கமும் பார்த்துவிட்டு ஏழையும் தீனி வாளியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வாளியை ஹெல்கேயின் காலடியில் டொம்மென்று வைத்தாள்.

"எண்ணிக்கோ" என்றாள்.

அவன் குனிந்து ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினான். திருப்பினான். இன்னொன்றைத் தூக்கினான். அவன் முகத்தில் என்னவோ ஓடியது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அந்த மௌனம் அவளுக்கு வெல்லமாக இனித்தது. சணல் கயிற்றை எடுத்து, ஒரு கை வலித்தாலும் ஒவ்வொன்றாகக் காலைக் கட்டி, கம்புகளில் தொங்கவிட்டான். கையுறை எதுவும் போடவில்லை. யாரும் போட்டதில்லை. அன்றைக்கு இரவு சாப்பாட்டில் மத்தி மீனுக்கு உப்பு கூடிப்போயிருந்தது, அதற்கும் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் காற்றில் இரண்டாம் கொட்டகை முனையிலிருந்த ஒன்று அறுந்து கூண்டின் மேல் விழுந்தது. டாகே போய் எடுப்பதற்குள் நரிகள் கம்பி வழியே ஒரு சிறகை உள்ளே இழுத்து மென்றுவிட்டன. அடுத்த வாரம் அந்தக் கூண்டு நரிகள் தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றின. அதற்கடுத்த வாரம் அந்த வரிசையே இருமியது. ஹெல்கே அறுவை செய்யாத தோளில் செத்த நரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்தான். செத்தும் சாகாமலும் கிடந்த ஒன்று அவன் முகத்துக்கு நேரே தும்மியது. சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போனான்.

கால்நடை மருத்துவர் பாயு வந்தாள். நாட்டின் கிழக்கேயிருந்து வந்தவள், அந்தக் கரைக்காரர்கள் பேசும் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் பேசுவது போல் அளந்து பேசுவாள். மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். பறவைக் காய்ச்சல் என்று வந்துவிட்டது. ஆறு கொட்டகையும் காலி செய்ய வேண்டும் என்றும் வந்துவிட்டது. நரிகளைக் கொன்று புதைக்கும் வெள்ளை உடுப்புக்காரர்கள் எப்போது வருவார்கள் என்று காத்திருக்கும்போதே, பாயு மறுபடி வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். முகக்கவசத்தைக் கழற்றவில்லை. மார்கிட் வைத்த காப்பி அப்படியே ஆறியது. காப்பியைத் தொடாத விருந்தாளியை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை.

"வைரஸை முழுசாப் படிச்சுப் பார்த்திருக்காங்க. அதோட மரபணு எழுத்து மொத்தம் எட்டுத் துண்டா இருக்கும். சேர்த்து வெச்சா பதிமூணாயிரத்துக்கும் மேல எழுத்து. உங்க நரிகள்ல எடுத்ததுல, முக்கியமான ஒரு இடத்துல, ஒரு எழுத்து மாறியிருக்கு."

"ஒண்ணுதானா?" என்றான் ஹெல்கே. "எங்க பாதிரியார் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல அதைவிட அதிகமாத் தப்பு விடுவாரே. அவரையும் பரிசோதனைக்கு அனுப்பலாமா?"

"எந்த எழுத்துங்கறதுதான் விஷயம்." பாயு சிரிக்கவில்லை. "பறவை உடம்பு நம்மளைவிடச் சூடு. நாப்பத்தோரு டிகிரி இருக்கும். பறவை வைரஸ் அந்தச் சூட்டுல தன்னைத்தானே நகல் எடுத்துப் பழகினது. நம்ம மூக்குக்குள்ள முப்பத்திமூணுதான். அந்தக் குளிர்ல அதுக்குக் கை விறைச்சுப்போகும், வேலை ஓடாது. இந்த ஒரு எழுத்து மாறினா ஓடும். மனுஷங்களுக்கு வர்ற ஃப்ளூவுல பெரும்பாலும் அந்த இடத்துல இந்த எழுத்துதான் இருக்கும். பறவைங்கள்ல வர்றதுல இருக்காது."

டாகே அதுவரை மேசைத்துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தான். "அப்போ இது மனுஷக் காய்ச்சலா மாறிடுச்சா?"

"இல்லைங்க. ரெண்டு பூட்டு இருக்குன்னு வெச்சுக்கங்க. ஒண்ணு திறந்திருக்கு. இன்னொண்ணு, உடம்புல ஒட்டிக்கிற கொக்கி. அது இன்னும் பறவைக் கொக்கிதான். நம்ம தொண்டையில அது சரியாப் பிடிக்காது. அதனால ஒருத்தர்கிட்டேருந்து இன்னொருத்தருக்குத் தாவாது. ஆனா கண்ணுல பிடிக்கும். நெஞ்சுக்குள்ள அடியாழத்துல பிடிக்கும். அங்கே உட்கார்ந்து இது நகல் எடுக்க எடுக்க அந்த ரெண்டாவது பூட்டும் திறக்கலாம். அதுதான் எங்க பயம். யாருக்காவது கண்ணு சிவந்தா, காய்ச்சல் வந்தா, ரெண்டு நாளைக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிடணும். தாமதிச்சா பிரயோஜனம் குறைஞ்சிடும்."

பிறகு பேனாவைத் திறந்தாள். "இது உள்ளே எப்படி வந்ததுன்னு தெரியணும். தீனி வழியாவா, பறவை வழியாவா? செத்த பறவை எதையாவது கையாண்டீங்களா?"

மார்கிட் அடுப்பங்கரையில் நின்றாள். நாக்கு நுனிவரை வந்தது. எதிரே ஹெல்கே உட்கார்ந்திருந்தான், நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, அவளையே பார்த்தபடி.

"செத்த பறவை ஏது?" என்றான் ஹெல்கே நிதானமாக. "கம்புல தொங்கினதெல்லாம் எங்க மார்கிட் சுட்டது, அழுகினதும் எரிச்சாச்சு. பறந்துகிட்டிருந்ததைச் சுட்டா. ஏழு. எல்லாம் நல்லா இருந்த பறவைங்க. இல்லையா மார்கிட்?"

"ஆமா" என்றாள் அவள்.

பாயு எழுதிக்கொண்டாள். அந்த ஒரு வார்த்தையால் சந்தேகம் தீனிக்கூடத்தின் மேல் போனது. மூன்று நாள் கூடத்தைப் பூட்டிச் சோதித்தார்கள். சுற்றுவட்டாரத்தில் அறுபது பண்ணை நரிகளும் பசியில் ஊளையிட்டன. தபால்பெட்டிப் பக்கம் மார்கிட் போனால் எதிரே வருகிற வண்டி கண்ணாடியை ஏற்றிக்கொண்டது. வேலியை ஒட்டிய பண்ணைக்காரன் ஆல்ஃப் கண்ணாடியை இறக்கிக்கொண்டு சொன்னான்: "என் நரிக்கும் சேர்த்துத்தான் குழி தோண்டறாங்களாம். பக்கத்துப் பண்ணைன்னு. நல்ல பக்கத்து வீடுதான் வாய்ச்சுது எனக்கு."

வெள்ளை உடுப்புக்காரர்கள் ஒரு புதன்கிழமை வந்தார்கள். இரண்டாயிரத்து நானூறு நரி. மார்கிட் சமையலறையில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, யாரும் தின்னப்போகாத அப்பத்தைச் சுட்டு அடுக்கிக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் என்னால், ஒரு வெற்று வீம்பால், என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாய் வரவில்லை. நரி போய்விட்டது, இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலைக் காப்பிக்கு ஹெல்கே வரவில்லை.

டாகே போய்ப் பார்த்துவிட்டு வந்தான். வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "கதவைத் திறக்கமாட்டேங்கறான். ஜன்னல் வழியாப் பார்த்தேன். இடது கண்ணு ரத்தமாட்டம் இருக்கு. உடம்பு கொதிக்குதுன்னு நினைக்கிறேன், கம்பளியைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

"டாக்டரைக் கூப்பிடு."

"கூப்பிட்டேன். வர்றேன்னுதான் சொல்றாங்க. அவன் மாட்டேங்கறான். நரிக்கு வந்தது தொண்டையில பிடிக்காதுன்னு அவளே சொன்னா, பறவையும் நல்லா இருந்த பறவைதான், எனக்கெதுக்குப் பரிசோதனை, கண்ணுல தூசி விழுந்துடுச்சுன்னு ஒரே பாட்டு. வலுக்கட்டாயமா மூக்குல குச்சி விட முடியாதாம். நேத்து மத்தியானத்துலேருந்தே கண்ணு உறுத்துதுன்னு சொன்னான் மார்கிட். ரெண்டு நாள்னு சொன்னாங்களே. இன்னிக்கு விட்டா போச்சு." டாகே அவிழ்ந்த காலணி நாடாவை மறுபடி கட்டினான். "சிரிச்சுக்கிட்டே சாவான் அவன். பிடிவாதம்."

அவனிடம் நல்ல பறவை என்ற வாதம் இருக்கிறது. அதை உடைக்க உலகத்தில் ஒரே ஒருத்தியால்தான் முடியும். மார்கிட் ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. கொட்டகைகளில் சுண்ணாம்பு வாடை. கம்புகள் காலியாக நின்றன. கூரைமேல் கடற்காகங்கள் வழக்கம்போல் வந்து உட்கார்ந்து, தீனி வராததற்கு ஏசிக்கொண்டிருந்தன.

ஜன்னல் ஒரு சாண் திறந்திருந்தது.

"ஹெல்கே."

"சாப்பாடு கொண்டு வந்தியா? என்னைத் தீர்த்துக்கட்ட வந்தியா? ரெண்டும் ஒண்ணுதான்."

"பரிசோதனை பண்ணிக்கோ."

"தூசி."

"தூசியில காய்ச்சல் வருமா?"

"உன் சமையலைத் தின்னு இருபத்தெட்டு வருஷமா எனக்குக் காய்ச்சல்தான்."

அவள் ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருட்டு. கம்பளிக்குள் ஒரு குவியல். இடது கண் திறக்கவே இல்லை, வீங்கி மூடியிருந்தது. அவளுக்கு அவனைப் பிடிக்காது. ஆனாலும் ஜன்னலை இன்னும் ஒரு சாண் தள்ளித் திறந்தாள்.

"நான் சொல்றதைக் கேளு. அந்தக் கடற்காகத்தை..."

"நீ சுட்டது."

"நான் சுடலை."

அவன் வலது கண் அவள் பக்கம் திரும்பியது.

"ஒண்ணைக்கூட நான் சுடலை. பன்னிரண்டு தோட்டா போட்டேன், ஒண்ணும் படலை. கரையில செத்துக் கிடந்துச்சு. பொறுக்கிட்டு வந்தேன். உன் முன்னாடி மூக்கு உடையக் கூடாதுன்னு பொய் சொன்னேன். அதுங்க நோய்ல செத்தது ஹெல்கே. நீ தொட்டது நோயை. போதுமா? சிரிச்சுட்டு கதவைத் திற."

ஹெல்கே சிரிக்கவில்லை. இருமினான். நெடுநேரம் இருமினான். இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "தெரியும்."

"என்ன தெரியும்?"

"வாளியைத் தூக்கிட்டு வந்து வெச்சியே, அப்பவே தெரியும். நாப்பது வருஷமாச் சுடறேன் நான். ஏழு பறவை, ஒண்ணுல ஒரு ரவை ஓட்டை இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விறைச்சுப்போய்க் கிடக்கு. முந்தின நாளே செத்தது. பயந்து செத்துச்சோ என்னவோன்னு நினைச்சேன், உன் குறியைப் பார்த்து."

மார்கிட் ஜன்னல் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள். "தெரிஞ்சா... ஏன் சொல்லலை?"

"அக்டோபருக்கு வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"எல்க் மான் விருந்துக்கு. ஊரே மண்டபத்துல உட்கார்ந்திருக்கும். சூப்பு ஊத்துவே நீ. அப்போ எழுந்து சொல்லலாம்னு. சபையோர்களே, எங்க மார்கிட் இந்த வருஷம் ஏழு கடற்காகம் அடிச்சா, ஏழையும் மணல்லேருந்து அடிச்சா அப்படின்னு. வார்த்தை வார்த்தையா மனசுல எழுதி வெச்சிருந்தேன். ராத்திரி படுத்தா அதை நினைச்சுத்தான் தூங்குவேன்."

அவள் கையில் ஏதாவது இருந்திருந்தால் எறிந்திருப்பாள். "ரெண்டாயிரத்து நானூறு நரி செத்துச்சே, படுபாவி! தம்பி அழுதானே! நீ அப்பவே சொல்லியிருந்தா கம்புல தொங்கவிட்டிருக்க மாட்டோம்!"

"நீ அப்பவே சொல்லியிருந்தாலும் தொங்கவிட்டிருக்க மாட்டோம்."

கூரைமேல் கடற்காகம் ஒன்று கத்தியது.

"டாக்டர் கேட்டாளே. அவகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. என்னை மாட்டிவிடற அளவுக்கு நல்ல சந்தர்ப்பம் உனக்கு வேற ஏது?"

"வெளியூர்க்காரி. அவளுக்கு எதுக்கு?" கம்பளி அசைந்தது. "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லலை. எவ்வளவு நேரம் அப்படி நிப்பேன்னு பார்த்துக்கிட்டிருந்தேன். அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"சரி. இப்போ பரிசோதனைக்கு என்ன கேடு? உனக்குத்தான் உண்மை தெரியுமே. வேணும்னே சாகப் போறியா?"

ஹெல்கேயின் குரல் கீழே இறங்கியிருந்தது. "குச்சி விட்டா வந்திருக்குன்னு சொல்லுவாங்க. அப்புறம் என்னத்தைத் தொட்டே, எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. காய்ச்சல்ல வாய் உளறிடும். சொல்லிட்டா போச்சு. அந்தப் பொம்பளைக்கு என் கதையை ஓசியில குடுக்கவா? அதை நான்தான் சொல்லணும். மண்டபத்துல. என் வாயால."

அவன் மனதில் உண்மையில் என்ன இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதா, கதை கெட்டுப்போகக் கூடாது என்பதா. கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது. எதுவானாலும் அதற்காக உயிரை விடத் தயாராக ஒரு ஆள் அந்தக் கம்பளிக்குள் உட்கார்ந்திருந்தான். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

கைப்பேசியை எடுத்தாள். ஜன்னலுக்குள் நீட்டிப் பிடித்து, ஒலிபெருக்கியைப் போட்டாள்.

"டாக்டர் பாயுங்களா? மார்கிட் பேசறேன். அன்னிக்கு நான் சொன்னது பொய். அந்த ஏழு பறவையும் நான் சுடலை. கரையில செத்துக் கிடந்ததை வாளியில பொறுக்கிட்டு வந்தேன். தீனிக்கூடத்து மேல ஒரு தப்பும் இல்லை. ஹெல்கே எல்லாத்தையும் வெறுங்கையால கட்டினான். சீக்கு நரி மூஞ்சியிலயே தும்முச்சு. கண்ணு வீங்கிக் கிடக்கு. வந்து பாருங்க."

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "அரைமணி நேரத்துல வர்றோம்" என்றாள் பாயு. "நீங்க இப்பவாவது சொன்னீங்களே" என்றும் சொன்னாள். அதில் நன்றியும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

மார்கிட் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். "உன் கதை போச்சு. திற கதவை."

"திருடி" என்றான் ஹெல்கே. எழுந்து தள்ளாடி வந்து தாழ்ப்பாளை நீக்கினான்.

கண்ணில் ஒரு குச்சி, மூக்கில் ஒரு குச்சி. அன்று மாலையே மாத்திரை. மூன்றாம் நாள் முடிவு வந்தது. அவன் உடம்பில் இருந்தது நரியிடமிருந்து வந்ததுதான், அந்த மாறிய எழுத்தும் அப்படியே. ஆனால் கொக்கி மாறவில்லை, பறவைக் கொக்கியாகவே இருந்தது. பத்து நாள் பழைய வீட்டிலேயே அடைத்து வைத்தார்கள். டாகேக்கும் மார்கிட்டுக்கும் மூக்கில் குச்சி விட்டதில் ஒன்றுமில்லை. வேளாவேளைக்குப் படியில் தட்டை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பாள். ஜன்னலிலிருந்து குரல் வரும்: "உப்பு போதலை." அவள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாள். டாகேயிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒரு வாரம் இருவரோடும் பேசவில்லை. அவள் பயந்ததைவிட அது குறைவுதான்.

ஊருக்கு விவரம் தெரியவில்லை. பாயு யாரிடமும் சொல்லவில்லை. பண்ணைக்காரர்களுக்கு வந்த அரசாங்கக் கடிதத்தில் செத்த பறவைகள் என்று மட்டும் இருந்தது. ஒரு எழுத்து மாறியது மட்டும் எப்படியோ பரவிவிட்டது. கடையில், பெட்ரோல் நிலையத்தில், அவர்களுக்கு எழுத்து வீடு என்றே பெயராகிவிட்டது.

அக்டோபரில் எல்க் மான் விருந்து நடந்தது. அதற்குப் போகாவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும். மண்டபத்தில் நீள மேசைகள். இறைச்சியும் உருளைக்கிழங்கும் கேரட்டும் மிளகும் போட்டுக் கொதிக்கும் சூப்பு வாசனை. மார்கிட் வழக்கம்போல் அண்டாவுக்குப் பின்னால் கரண்டியோடு நின்றாள். கிண்ணத்தை நீட்டியவர்கள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. டாகேயும் ஹெல்கேயும் உட்கார்ந்த மேசையில் மூன்றாவது ஆள் இல்லை. ஹெல்கே இளைத்திருந்தான். இடது கண்ணுக்குக் கீழே தோல் தொங்கியது.

ஆல்ஃப் தன் மேசையிலிருந்தே பேசினான், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. "கேக்கறதுக்கு உரிமை இருக்குன்னு நினைக்கிறேன். நாலாயிரம் நரியை நானும்தான் புதைச்சேன். உங்க மூணு பேர்ல யார் அதை உள்ளே கொண்டு வந்தது?"

கரண்டிச் சத்தங்கள் நின்றன. டாகே தட்டைப் பார்த்தான். மார்கிட் வாயைத் திறக்கப் போனாள்.

ஹெல்கே எழுந்தான்.

"சபையோர்களே" என்றான். தொண்டையைச் செருமிக்கொண்டான். அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுதி வைத்ததை விடமாட்டான் இவன். "எங்க மார்கிட் இந்த வருஷம் ஏழு கடற்காகம் அடிச்சா. பன்னிரண்டு தோட்டா போட்டா. தோட்டா எல்லாம் கடலுக்குப் போச்சு. ஏழையும் மணல்லேருந்து அடிச்சா, செத்ததுக்கு அப்புறம். தீனி வாளியில அள்ளிட்டு வந்து என் காலடியில வெச்சு எண்ணிக்கோன்னா. நான் எண்ணினேன். பார்த்தவுடனே எனக்குத் தெரியும். தெரிஞ்சே கட்டித் தொங்கவிட்டேன், இங்கே வந்து உங்களுக்குச் சொல்லிச் சிரிக்கணும்னு. இதுதான் கதை."

கையை விரித்து நின்றான். அவன் காத்திருந்த சிரிப்பு வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. ஆல்ஃப் மேசைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தான். கோடை முழுக்கச் சேர்த்து வைத்த கதையோடு அந்தக் கிழவன் மண்டபத்தின் நடுவில் தனியாக நின்றான். உட்காரவும் தெரியவில்லை.

மார்கிட் கரண்டியை அண்டாவில் சாய்த்து வைத்தாள்.

"ஏழு இல்லை ஹெல்கே, எட்டு" என்றாள். குரல் கடைசி மேசைவரை போயிற்று. "எட்டாவதுக்குத்தான் குறி தப்பிடுச்சு. அது இங்கே நின்னு பேசிக்கிட்டிருக்கு."

எங்கோ பின்னால் ஒருத்தி குபுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆல்ஃப் சிரிக்கவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அவனோடு இன்னும் நாலு பேர் போனார்கள்.

ஹெல்கே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அண்டாவுக்கு முன்னால் வந்து நின்றான். நீட்டினான். அவள் விளிம்புவரை ஊற்றினாள். அவன் அங்கேயே நின்று ஒரு வாய் உறிஞ்சினான். மண்டபம் முழுவதும் அவன் வாயைப் பார்த்தது. உப்பு நிஜமாகவே போதவில்லை. அது அவளுக்கும் தெரியும், அண்டாவை அடுப்பில் ஏற்றியபோதே போட மறந்திருந்தாள்.

அவன் ஒன்றும் சொல்லாமல் குடித்து முடித்தான்.